அடுத்த மன்றத்துக்காகக் கேளுங்கள்: பேரூராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



தமிழ்நாட்டில் பேரூராட்சிகள் ஏறக்குறைய 490. அவற்றின் வார்டுகளுக்கு 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஏழாயிரத்து அறுநூறு பேருக்கு மேல். மாநகராட்சி மாமன்றம் கூடினால் வாசலில் தொலைக்காட்சி வண்டி நிற்கிறது. உங்கள் கூட்டத்துக்கு உள்ளூர் நிருபர் ஒருவர் வந்தால் உண்டு. அவரும் தேநீர் குடித்ததும் கிளம்பிவிடுவார். ஆகவே சொல்ல வேண்டியதை மடலாக எழுதுகிறேன். உங்கள் மதிப்பூதியத்தைப் பற்றித்தான்.

2023 ஜூலையிலிருந்து உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய். துணைத் தலைவருக்கு 5,000, தலைவருக்கு 10,000. அதற்கு முன்பு கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப் படி, அவ்வளவுதான். அந்த அறிவிப்பு வெளியான நேரத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் நடந்த பேச்சு எல்லா ஊரிலும் நடந்திருக்கும். "அடிக்கிறது பத்தாதுன்னு இதுல சம்பளம் வேறயா?" என்றார் ஒருவர். அங்கேயே இருந்த ஒரு கவுன்சிலர் சிரித்து மழுப்பினார்: "அது பெட்ரோலுக்கே பத்தாதுண்ணே." அதோடு பேச்சு முடிந்தது. பெட்ரோலுக்கே பத்தாத பதவியைப் பிடிக்க அவ்வளவு செலவு செய்தாரே, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தாண்டு முழுக்க வாங்கினாலும் அந்த 2,500 ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது. ஒரு வார்டுக்கு என்ன செலவாகும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் ஓரளவு தெரியும்.

இந்தத் தொகையை மூன்று மடங்காக உயர்த்தக் கேட்டு உங்கள் மன்றத்தில் நீங்கள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அதில் ஒரு காசும் உங்களுக்கு வரக் கூடாது. உங்கள் பதவிக்காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குப் பிறகு வந்து உட்காரப்போகும் மன்றத்துக்காகக் கேளுங்கள்.

முதலில் வேலையைப் பார்ப்போம். உங்கள் வார்டில் சராசரியாக ஆயிரம் பேர் இருப்பார்கள். சென்னையில் ஒரு வார்டில் முப்பதாயிரம் பேருக்கு மேல். அதனால் மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000, நகராட்சி உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 என்று படிப்படியாக இறக்கி வைத்ததில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். கோப்புக் கணக்கில் சரி. ஊர்க் கணக்கு வேறு. சென்னைக்காரர் செயலியில் புகார் போடுகிறார். எங்கள் ஊர்க்காரர் விடிந்ததும் உங்கள் வாசலில் வந்து நிற்கிறார், ஏனென்றால் உங்கள் வீடு அவருக்குத் தெரியும், உங்கள் அப்பாவையும் தெரியும். போர் மோட்டார் காயில் எரிந்துவிட்டது, இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. மூலை விளக்கு எரியவில்லை. சாக்கடை தூர்ந்து வீட்டுக்குள் வருகிறது. வரி ரசீதில் இறந்துபோன மாமனார் பெயரை மாற்றித் தர வேண்டும். தெருவில் ஒரு சாவு, மயானத்தில் புதரை வெட்டச் சொல்ல வேண்டும். முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் அதற்கும் உங்களிடம்தான் வருகிறார்கள். அது வருவாய்த் துறையின் வேலை என்று சொல்லிப் பாருங்கள், "ஓட்டுக் கேக்க வந்தப்ப இதெல்லாம் சொல்லலியே" என்பார்கள்.

இதற்கெல்லாம் மாதத்தில் எட்டுப் பத்து நாள் பிழைப்பு கெடுகிறது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில்கூட உங்கள் மாதத் தொகை ஏழரை நாள் கூலியைத் தொடவில்லை. வெளி வேலையில் இன்று சித்தாளுக்கே அறுநூறு எழுநூறுக்குக் குறைந்து ஆள் வருவதில்லை. பத்து நாளுக்கு ஏழாயிரம். போக்குவரத்து, கைப்பேசிச் செலவு சேர்த்தால் 7,500. மூன்று மடங்கு என்று நான் சொன்னது இந்தக் கணக்கில்தான். யாரையும் பணக்காரராக்கும் தொகை இல்லை இது. கூலிக்குப் போகிற ஒருவர் உறுப்பினரானால் அவர் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கும், அவ்வளவே.

நம்மைவிட மோசமான நிலையும் உண்டு. கிராம ஊராட்சித் தலைவருக்கு மாதம் 1,000 ஆக இருந்ததை 2,000 ஆக உயர்த்துவதாக அறிவிப்பு வந்ததே 2022-இல்தான். காசோலையில் கையெழுத்திடும் பொறுப்புள்ள ஒருவருக்குத் தரும் தொகை அது. பக்கத்துக் கேரளத்தில் ஊராட்சியின் சாதாரண உறுப்பினருக்கும் மாதா மாதம் மதிப்பூதியம் என்பது பல ஆண்டுகளாக நடப்பில் இருக்கிறது. அதை அங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இனி உங்கள் மன்றத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மனை வியாபாரம் செய்பவர், ஜல்லி மணல் ஏற்றும் லாரி வைத்திருப்பவர், வட்டிக்குக் கொடுப்பவர், கல்யாண மண்டபக்காரர், கட்சியின் நகரச் செயலாளர், அவருடைய தம்பி. இவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. சிலர் நன்றாகவே வேலை செய்கிறார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் இவர்களால் வாழ முடியும் என்பதுதான் இவர்களை ஒன்றுசேர்க்கிறது. அந்த வசதி இல்லாத ஒருவர் அங்கே நுழைந்தால் என்ன ஆகிறது? பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நடவுக்குப் போகும் பெண் ஒருவர் ஜெயித்து வருகிறார் என்று வையுங்கள். மன்றக் கூட்டம் வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு. அன்றைய கூலி போயிற்று. செயல் அலுவலரைப் பார்க்க இரண்டு நாள் அலைந்தால் அந்த இரண்டு நாள் கூலியும் போயிற்று. மூன்றாவது மாதம் அவருடைய வீட்டுக்காரர் வரத் தொடங்குகிறார். ஆறாவது மாதத்தில் "கவுன்சிலர்" என்று ஊர் கூப்பிடுவது அவரைத்தான். கணவர் ஆதிக்கம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், சரிதான். ஆனால் அந்த ஆதிக்கத்துக்குப் பாதி வழியைத் திறந்துவிட்டது அந்த வீட்டின் வரவு செலவு. உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் செய்தோம். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க அவர்களுக்கு என்ன செலவாகிறது என்று யாரும் கணக்குப் போடவில்லை.

கும்பகோணம் மாநகராட்சி ஆனதும் 2022-இல் அதன் முதல் மேயராக வந்தவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். நாடே அதைச் செய்தியாக்கி மகிழ்ந்தது. மேயருக்கு இப்போது மாதம் 30,000. வண்டியை நிறுத்திவிட்டு நகரத்தைக் கவனிக்கலாம். அதே ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் சுவாமிமலைப் பேரூராட்சியில் ஒரு வார்டு உறுப்பினராகியிருந்தால், கூட்டத்துக்கு வந்த நாளில் சவாரியை விட்டவர் மறுநாள் இரவு பன்னிரண்டு மணி வரை ஓட்டியிருப்பார். செய்தியும் வந்திருக்காது.

"பொதுச்சேவைக்குச் சம்பளமா?" என்று கேட்பவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். பெரும்பாலும் மண்டபக்காரர்தான் கேட்பார். இந்தக் கேள்விக்கு வயது அதிகம். உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாத உள்ளாட்சி மேடை நம்மிடம் கிடையாது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் 919-இலும் 921-இலும் வெட்டிய ஊர்ச்சபைத் தேர்தல் விதிகள். முப்பது குடும்பு (இன்றைய வார்டு போல), குடத்தில் ஓலை, சிறுவன் கையால் எடுப்பது, கணக்குக் காட்டாமல் போனவனுக்கும் அவனுடைய உறவினர்களுக்கும் பதவி கிடையாது என்ற கறார். எல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டியதும்கூட. ஆனால் அதே கல்வெட்டில், ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஒரு வேதமும் அதன் உரையும் ஓதியவருக்கு அரைக்கால் வேலி போதும் என்ற சலுகை உண்டு. நிலத்தை உழுதவருக்கு எந்தச் சலுகையும் இல்லை. அந்தச் சபைக்கு மாதச் சம்பளம் தேவைப்படாததில் வியப்பென்ன? களத்துமேட்டிலிருந்து நெல் வந்துகொண்டிருந்தது.

அதே உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. உனக்கு நிலம் எவ்வளவு என்று கேட்டு எவருடைய வேட்புமனுவையும் அங்கே தள்ள முடியாது. ஆனால் மாதம் 2,500 கொடுத்து முழு வேலையையும் வாங்கினால், கால் வேலி நிபந்தனை கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது.

நூறு ஆண்டுக்கு முந்திய கதையும் இதேதான். 1882-இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சிக்கு வழி திறந்தபோது வரி கட்டுபவர்களும் வசதியானவர்களுமே நகராட்சிக்குள் வந்தார்கள். சேலம் நகராட்சியின் தலைவராக ராஜாஜி இருந்தார், ஈரோட்டின் தலைவராகப் பெரியார் இருந்தார். இருவரும் பதவியைப் பெயருக்கு வைத்துக்கொள்ளாமல் உழைத்தவர்கள். ஒருவர் நல்ல வரும்படியுள்ள வழக்கறிஞர், இன்னொருவர் ஊரறிந்த வணிகர் வீட்டுப் பிள்ளை. அவர்களைக் காட்டி, நடவுக்குப் போகும் பெண்ணிடம் "நீயும் இலவசமாகச் செய்" என்று சொல்வது அவர்களுக்கும் பெருமை சேர்க்காது.

சம்பளம் கூடினால் கமிஷன் ஒழிந்துவிடுமா? ஒழியாது. இதில் நான் யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. சட்டமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் 2017-இல் 55,000-இலிருந்து 1,05,000 ஆனது. அதனால் அரசியல் சுத்தமாகிவிட்டதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. சிமெண்ட் சாலைக்கு இத்தனை சதவீதம், குழாய் பதிப்புக்கு இத்தனை சதவீதம் என்று வாங்கிப் பழகியவர், மாதம் 7,500 வந்தால் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்வார். ஒப்பந்தத்தில் பங்குள்ளவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மைத்துனர் பெயரில் எடுத்தால் சட்டத்தால் என்ன செய்ய முடிகிறது? தலைவர் தேர்வை மறைமுகத் தேர்தலாக்கியதும் கவுன்சிலர்களை வேனில் ஏற்றி எங்கோ தங்கவைத்த ஊர்கள் உண்டு. அந்த இரண்டு மூன்று நாளில் கைமாறிய தொகை என்று ஊர் பேசும் கணக்கோடு எந்த மதிப்பூதியமும் போட்டியிட முடியாது. கை நீட்டாமல் இருக்க நினைப்பவர் இரண்டாம் ஆண்டில் சோர்ந்து, "நமக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல" என்று முதல் உறையை வாங்குகிறாரே, அந்த ஓர் ஆளை நினைத்துத்தான் கேட்கிறேன். ஒவ்வொரு மன்றத்திலும் அப்படி இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றினால், தீர்மானப் புத்தகத்தில் "ஆட்சேபணை" என்ற சொல் அவ்வப்போது ஏறும்.

செலவைப் பார்த்து மிரள வேண்டாம். 7,600 பேருக்கு மாதம் 2,500 என்றால் ஆண்டுக்கு 22.8 கோடி. 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கு 1,05,000 வீதம் ஆண்டுக்கு 29.48 கோடி. 7,600 பேருக்குக் கொடுப்பது 234 பேருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு! மூன்று மடங்காக்கினால் கூடுதலாக 45.6 கோடி. ஒரு பேரூராட்சிக் கணக்கில், பதினைந்து வார்டு என்று வைத்தால் ஆண்டுக்கு 9 லட்சம் கூடும். நம் ஊரில் ஒரு குறுக்குத் தெருவுக்குப் போட்டு, மறு மழையில் பெயர்ந்துபோகும் சிமெண்ட் சாலைக்கு ஆகும் செலவுதான்.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும். அதை எளிதாக ஒதுக்க எனக்கு மனமில்லை. பல பேரூராட்சிகளில் சொந்த வருவாய் மிகக் குறைவு. குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்களில் பலர் ஒப்பந்தக்காரர் கீழ் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் நாள் தவறிப்போகிறது, வருங்கால வைப்புநிதி பிடித்தது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட ஊரில் கவுன்சிலருக்கு உயர்வு கேட்க வாய் வருமா? எனக்கு வராது. ஆகவே உங்கள் தீர்மானத்திலேயே ஒரு நிபந்தனையை எழுதிவிடுங்கள்: அந்த மாதத் தூய்மைப் பணியாளர் ஊதியம் கடைசி ஆள் வரை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் உறுப்பினர் மதிப்பூதியம் விடுவிக்கப்பட வேண்டும். ஒப்பந்தக்காரர் இழுத்தடித்தால் பதினைந்து கவுன்சிலர்களும் அவரைத் தேடிப் போவார்கள். இதுவரை அவர்கள் வேறு காரணத்துக்காகத் தேடிப் போனார்கள்.

தன் சம்பளத்தைத் தானே, யாருக்கும் தெரியாமல் கூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர் உதாரணம். கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் அருகே பெல் என்ற நகரம். மக்கள் தொகை முப்பத்தாறாயிரத்தைச் சுற்றி. பெரும்பாலும் குடியேறிய உழைப்பாளிக் குடும்பங்கள். சாதாரணச் சட்டப்படி நகர மன்ற உறுப்பினர் ஊதியத்துக்கு மாநிலம் வரம்பு வைத்திருந்தது. 2005-இல் மன்றத்தினர் ஒரு தனி வாக்கெடுப்பு நடத்தி, நானூறு பேர்கூட வாக்களிக்காத அந்த வாக்கெடுப்பின் பெயரால், அந்த வரம்பிலிருந்து ஊரை விலக்கிக்கொண்டார்கள். அதன்பின் குப்பை வாரியம், உபரிச் சொத்து வாரியம் என்று பல வாரியங்களில் தங்களையே உறுப்பினராக்கி, ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் கூடிக் கலைந்து, ஒவ்வொன்றுக்கும் ஊதியம் எடுத்தார்கள். 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் இதை வெளியிட்டபோது, பகுதிநேர உறுப்பினர்கள் ஐவரில் நால்வர் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். நகர மேலாளரின் ஊதியம் எட்டு லட்சம் டாலரை ஒட்டி இருந்தது. ஊர்மக்கள் மன்றக் கூடத்தை நிறைத்தார்கள். 2013-இல் முன்னாள் உறுப்பினர்கள் ஐவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. மறு ஆண்டு மேலாளருக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை.

அங்கே தொகை பெரியது என்பது கண்ணில் படுகிறது. எனக்கு உறைத்தது அந்த நானூறு வாக்கும், நிமிடக் கூட்டங்களும். பார்க்க ஆள் இல்லாத மன்றத்தில் தொகை எதுவாகவும் ஆகலாம். நம் மன்றக் கூட்டங்களிலும் பல பொருள்கள் நிமிடக் கணக்கில்தானே நிறைவேறுகின்றன? பெல் நகரத்தைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அவ்வளவு உரிமை இல்லை. வித்தியாசம், நம் தொகையை அரசு முடிவு செய்கிறது. அது அப்படியே இருக்கட்டும். நீங்கள் கேட்கலாம், முடிவு செய்யக் கூடாது.

உயர்வு அடுத்த மன்றத்துக்கு மட்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தமக்கு ஊதியம் கூட்டிக்கொண்டால் அது அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடப்புக்கு வரும் என்று அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 27-ஆவது திருத்தம் சொல்கிறது. 1789-இல் முன்வைத்தார்கள், 1992-இல்தான் நிறைவேறியது. இருநூறு ஆண்டு இழுத்த விதியை உங்கள் மன்றம் ஒரு மதிய வேளையில் தனக்குத்தானே விதித்துக்கொள்ளலாம். டீக்கடையில் கேட்பவருக்குப் பதில் சொல்லவும் எளிது: "எனக்கில்லண்ணே. அடுத்து உன் மருமக நின்னா அவளுக்கு."

உங்களில் பலர் மறுபடியும் நிற்பீர்கள் என்று தெரியும். நில்லுங்கள். 2027-இல் அந்தத் தொகைக்காக இன்னும் நான்கு பேர் எதிர்த்து நின்றால், அதுவும் ஊருக்கு நல்லதுதான்.

இதற்குத் துணிச்சல் வேண்டுமே என்பீர்கள். பதவியேற்று ஒரு மாதம்கூட நிறையாத 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வரி ஏற்ற மன்றங்களில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினீர்கள். திட்டினோம். நீங்கள் தாங்கிக்கொண்டீர்கள். அதைவிட இது சிறிய காரியம்.

தொகை நடப்புக்கு வந்தால் ஊர் இரண்டு விஷயங்களைக் கேட்கும், கேட்க வேண்டும். அலுவலகப் பலகையில் மாதந்தோறும் உறுப்பினர் வருகைப் பட்டியல் தொங்க வேண்டும், யார் வந்தார், யாருக்குப் பதில் யார் வந்தார் என்பதோடு. மதிப்பூதியம் உறுப்பினரின் தனிக் கணக்கில் ஏற வேண்டும், அவருடைய ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பதை அந்த வார்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

செயல் அலுவலர் "இதெல்லாம் அஜெண்டாவுல கொண்டு வர முடியாதுங்க" என்று சொல்லக்கூடும். எழுத்தில் கொடுங்கள். வாசகம் வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளலாம்:

"பேரூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு வழங்கப்படும் மாத மதிப்பூதியத்தை 2,500 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தி, அதனை இம்மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின் தேர்ந்தெடுக்கப்படும் மன்றத்துக்கு மட்டும் நடைமுறைப்படுத்துமாறும், அந்தந்த மாதத்துக்குரிய தூய்மைப் பணியாளர் ஊதியம் முழுமையாக வழங்கப்பட்ட பின்னரே உறுப்பினர் மதிப்பூதியத்தை விடுவிக்க ஆணையிடுமாறும் தமிழ்நாடு அரசை இம்மன்றம் கேட்டுக்கொள்கிறது. இத்தீர்மானத்தின் மீது உறுப்பினர்கள் தெரிவித்த கருத்துகள் பெயருடன் பதிவு செய்யப்படுகின்றன."

கடைசி வரியை எழுத்தர் விட்டுவிடப் பார்ப்பார். சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இந்த அரையாண்டுச் சொத்து வரியைக் கட்டி ரசீது வாங்கிய ஒரு பேரூராட்சி வாக்காளர்